வானத்துக்கு விட்ட இடம்

பட்டறையில் அவளை அலை என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருக்கிறது. வங்கியில் அதைச் சொல்லி அழைத்தால், இரண்டாவது தடவைதான் அவளுக்கு உறைக்கும்.

ஓட்டல் அறைகளில் கட்டிலுக்கு மேலே மாட்டுகிற கடல் படங்கள் அந்தப் பட்டறையில்தான் தயாராகின்றன. நீளமான தகரக் கொட்டகை. ஒரு பக்கச் சுவர் நெடுகச் சட்டம் அடித்து, கேன்வாஸ்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். முதலில் ஒருவர் வானத்தைப் போட்டுக்கொண்டே போவார். அவர் பின்னாலேயே அலை வந்து தண்ணீரைப் போடுவாள். அவளுக்குப் பின்னால் வருகிறவர் படகு, பறவை, மரம் என்று மிச்சத்தை வைப்பார். அவருக்குச் சில்லறை என்று பெயர். மூவரும் கடந்து போனால் ஒரு சுவர் முழுக்கக் கடல் வந்துவிடும்.

வானம் போடுகிறவர் மேகம். அவர்தான் அலையின் கணவர். பட்டறைக்கு வந்த புதிதில், அவருடைய வானம் காய்வதற்குள் இவள் தண்ணீரைத் தொட்டுவிடுவாள். நீலம் நீலத்தோடு கலந்து சேறாகும். இருவருக்கும் தினமும் சண்டை. அந்தச் சண்டை முற்றித்தான் கல்யாணத்தில் முடிந்தது என்று சில்லறை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பதினெட்டு வருஷமாகிறது. இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் அலையின் கை தண்ணீரைப் போட்டுவிடும். பேசிக்கொண்டே போடுவாள், கொட்டாவி விட்டுக்கொண்டே போடுவாள், மகளின் பள்ளிக்கூடத்தோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டே போடுவாள்.

படிக்கிற கண்ணாடி வாங்கப் போன இடத்தில்தான் அந்த வேலை வந்தது. கண் டாக்டர் அவள் நகக்கண்ணில் இருந்த நீலத்தைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள். அவர் எழுந்து அவளைக் காத்திருக்கும் கூடத்துக்கு அழைத்துப் போனார். நீண்ட கூடம். ஒரு பக்கம் நாற்காலிகள், எதிரே ஒன்றுமே இல்லாத வெள்ளைச் சுவர். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"மருந்து விட்டா கண்ணு விரிஞ்சுடும். பேப்பர் படிக்க முடியாது, போன் பார்க்க முடியாது. ரொம்ப நேரம் இப்படியே உட்காரணும். இவங்களுக்கு அந்தச் சுவத்துல ஏதாவது இருக்கணும். செய்வீங்களா?"

அலை மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து மேகத்திடம் சொன்னாள். அவர் ஒரு பலகையில் வானத்தைப் போட்டுக் கொடுத்தார். இவள் கடலைப் போட்டாள். எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் மேஜை மேல் வைத்தாள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. ஆனா இதுக்குக் கீழே நான் படுத்துத் தூங்கியிருக்கேன்," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"ஏதோ ஒரு ஓட்டல்ல. கட்டிலுக்கு மேலே இதேதான் இருந்துச்சு. மறுநாள் காலையில யாராவது என்ன படம்னு கேட்டிருந்தா எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? அந்தப் படத்தை அவளே போட்டிருக்கலாம். போட்டோமா இல்லையா என்று அவளுக்கே ஞாபகமில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்கப்புறம் ஒரு கம்பெனிக்காரங்க அருவி படத்தை அச்சடிச்சு ஒட்டித் தர்றதாச் சொல்லியிருக்காங்க."

"வேண்டாம் சார். நான் என் கடலைக் கொண்டுவர்றேன்," என்றாள் அலை.

வாய் சொல்லிவிட்டது. படியிறங்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. என் கடல் என்றால் எது? பட்டறைக்கு வெளியே அவள் கடலைப் பார்த்ததெல்லாம் பத்து வயசு வரைதான். அப்பா படகுத்துறையில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்த தீவு. துறைக்குப் பின்னால் வளைந்து கிடக்கும் சின்னக் கடற்கரை. அப்பாவுக்கு வேலை மாறியதும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போகவேயில்லை.

"தீவுக்கா? ஏன், இங்க இருக்குற கடலுக்கு என்ன குறை?" என்று கேட்டார் மேகம். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சமையல் வாரத்தில் பாதி நாள் அவருடையது.

"இங்க இருக்குறது பட்டறைக் கடல்."

"தண்ணி எங்க இருந்தாலும் தண்ணிதானே."

"மேகமும் எங்க இருந்தாலும் மேகம்தான். உங்ககிட்ட அதைச் சொன்னா சும்மா இருப்பீங்களா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "சரி, நானும் வர்றேன். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

"நான் மட்டும் போறேங்க."

"அப்ப மேலே யாரு போடுவா?"

"நானே போடுவேன்."

மேகம் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. எதிர்பாராமல் வந்த சிரிப்பு. அதனால்தான் அது அலைக்குச் சுருக்கென்று குத்தியது. மறுநாள் பையைக் கட்டினாள். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மகள், "அம்மா, படம் அனுப்பு. செல்ஃபி இல்ல, படம்," என்றாள். மேகம் தன் நல்ல பிரஷ் இரண்டை அவள் பையில் அவளுக்குத் தெரியாமல் சொருகி வைத்தார்.

தீவில் அவளுக்கு ஒட்டு உறவு என்று இருப்பது சித்தி மகள் ஒருத்திதான். கடற்கரையை ஒட்டிக் கொட்டகை போட்டு ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறாள். ஊரில் அவளைப் படகுக்காரி என்பார்கள். பிசின் தெறித்துக் காய்ந்த கால்சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட முகமூடி. அலையைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டாள்.

"வாங்க வாங்க. கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன், வரல. பையன் பொறந்தான், வரல. இப்ப கடலைப் பார்க்க வந்தாச்சாக்கும்."

"உன்னையும்தான்டி பார்க்க வந்தேன்."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு விடைக்கும்னு பெரியம்மா சொல்லுவாங்க. இன்னும் விடைக்குதுக்கா."

கொட்டகைக்கு மேலே ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தாள். மூலையில் பிசின் டப்பாக்கள். உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் படகுத் துணியை வைத்து ஒட்டுப்போட்டிருந்தாள். படுக்கை சுத்தமாக இருந்தது. அறை முழுக்க மூக்கைத் துளைக்கும் பிசின் நெடி. "ரெண்டு நாள்ல பழகிடும். பழகலேன்னா மயக்கம் வரும், அதுவும் தூக்கம்தான்," என்றாள் படகுக்காரி.

காலையில் அலை கடற்கரைக்குப் போனாள். முதலில் தோன்றியது, இவ்வளவுதானா என்பதுதான். பத்து வயசுக் கால்களுக்கு அது ஒரு தேசம் மாதிரி இருந்தது. இப்போது இந்தப் பக்கத்தில் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும் போலிருந்தது. கண் கலங்குமோ என்று பயந்திருந்தாள். ஒன்றும் கலங்கவில்லை. அதுவும் நல்லதுதான், வேலை இருக்கிறது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்து, பலகையில் தாளை மாட்டி, வரையத் தொடங்கினாள்.

கை ஓடியது. நுரைக்கு விசிறி பிரஷை ஒரு திருப்பு, பள்ளத்துக்குக் கருநீலம், முதுகுக்கு வெள்ளை. கடல் இருக்கிற பக்கம் நாலைந்து தடவைதான் தலையைத் தூக்கியிருப்பாள். வெயில் ஏறியபோது படகுக்காரி டீயோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"மேலே என்ன?"

"என்ன மேலே?"

"வெள்ளையா விட்டிருக்கியே. யாருக்கு?"

அலை தாளைப் பார்த்தாள். ஸ்கேல் வைத்ததுபோல் ஒரு நேர்கோடு. கோட்டுக்குக் கீழே பளபளவென்று கடல். கோட்டுக்கு மேலே மூன்றில் ஒரு பங்கு தாள், தொடப்படவே இல்லை. விட்டது அவளுக்கே தெரியாது.

"கண்ணு முன்னாடி வானம் பூரா கிடக்கு. அதை விட்டுட்டு வரைஞ்சிருக்கா! மாமா படகு ஏறி வந்து போட்டுட்டுப் போவாரா?" படகுக்காரி சிரித்த சிரிப்பில் டீ புரையேறி, அலைதான் அவள் தலையைத் தட்டிவிட வேண்டியிருந்தது.

அலையும் கூடவே சிரித்தாள். படகுக்காரி கொட்டகைக்குத் திரும்பிய பிறகு சிரிப்பு நின்றுபோனது. பதினெட்டு வருஷத்தில் ஒரு படத்தைக்கூட அவள் தொடங்கியதில்லை. எல்லாமே பாதியில்தான் அவள் கைக்கு வந்தன. காலையா மாலையா, வெயிலா மழையா என்பதையெல்லாம் மேகம் மேலேயே முடிவு செய்துவிடுவார். அந்த வானத்துக்கு ஏற்ற மாதிரி தண்ணீரின் நிறத்தை மாற்றிக்கொள்வது மட்டும்தான் அவள் வேலை. இங்கே அவளுக்கு முன்னால் யாரும் வந்து போகவில்லை. அதனால் கை, யாரோ வருவார்கள் என்று இடம் விட்டுக் காத்திருக்கிறது.

சாயங்காலம் மேகம் போன் செய்தார். சொன்னாள்.

"இவ்வளவுதானே? கொண்டு வா, மேலே நான் போட்டுடறேன். அரை நாள் வேலை."

"அது மறுபடியும் ஓட்டல் கட்டிலுக்கு மேலேதான் போகும்."

"நம்ம போட்டதுல என்னம்மா கேவலம்? அதுலதானே சாப்பிடறோம்."

"கேவலம்னு நான் சொன்னேனா? இது ஒண்ணு முழுசா நான் போடணும். போட முடியுமான்னு எனக்குத் தெரியணும்."

மேகம், "அந்த ரெண்டு பிரஷையும் கழுவாம காயவிட்டுடாதே," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து அலை ஒற்றைக் காலில் நின்றாள். முதலில் வானம், பிறகுதான் தண்ணீர். முதல் தாளில் வந்தது மேகத்தின் வானம். மணிக்கட்டை அவர் திருப்புகிற மாதிரியே இவளும் திருப்பியிருந்தாள், அந்தப் பஞ்சுப் பொதிகூட அப்படியே. பதினெட்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த கை வேறு எதைச் செய்யும்? கிழித்தாள். அடுத்ததில் அவர் செய்யாததாகச் செய்யப் போய், எல்லாம் குழம்பிச் சாம்பலானது.

"இது வானமா, ஈரச் சாக்கா?" என்று கேட்டாள் படகுக்காரி.

"வாயை மூடிட்டு உன் வேலையைப் பாருடி."

"என் வேலைதான். கீழே விரிக்கத் தாள் இல்ல, அதைக் குடு." வீணான தாள்களையெல்லாம் வாங்கிப்போய்ப் பிசின் டப்பாக்களுக்கு அடியில் விரித்துக்கொண்டாள். கொட்டகைக்குள் போனால், தரையெங்கும் அலையின் தோல்விகள் வரிசையாகக் கிடந்தன. அலை அவற்றைத் தாண்டித்தான் தினமும் படியேற வேண்டியிருந்தது. தாண்டினாள். முகம் கடுகடுவென்று இருந்தது, ஆனால் காலையில் மறுபடியும் அதே இடத்தில் பலகையோடு உட்கார்ந்திருந்தாள். தாள் குறைந்துகொண்டே வந்தது. மாசமும்தான்.

ஒருநாள் முன்பகலில் படகுக்காரி கொட்டகையிலிருந்து கத்தினாள்.

"அக்கா! வானம் எங்கயும் ஓடிடாது. இங்க வந்து ஒரு கை பிடி."

ஒட்டுப்போட்ட படகு ஒன்றைத் தண்ணீரில் இறக்கிக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேரும் அதை உருளைக் கட்டைகள் மேல் தள்ளி இறக்கினார்கள். படகுக்காரி உள்ளே ஏறிக் குனிந்து ஒட்டுகளைத் தடவிப் பார்த்தாள். அலை முழங்கால் தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எதிரே பார்க்க முடியவில்லை, வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. அதனால் கீழே பார்த்தாள்.

படகின் நிழல் தண்ணீர் மேல் விழுந்திருந்தது. நிழலுக்கு வெளியே தண்ணீர் வெறும் பளபளப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. நிழலுக்குள் அத்தனையும் தெரிந்தது. மணலின் வரிகள், உடைந்த சிப்பி, அவளுடைய பத்துக் கால்விரல்கள், விரலுக்கு நடுவே புகுந்து போகிற ஒரு சின்ன மீன். படகு அசைந்தது, நிழலும் அசைந்தது. தெரிந்தது மறைந்து, மறைந்தது தெரிந்தது. நிழலின் விளிம்பில் வெளிச்சம் வலை வலையாக மணல் மேல் ஊர்ந்து, அவள் பாதத்தில் ஏறி இறங்கியது.

இத்தனை வருஷமாக அவள் போட்டதெல்லாம் தண்ணீரின் தோல்தான். அதற்கு ஓர் அடி இருக்கிறது என்பதைப் போட்டதேயில்லை. போட்டிருக்கவும் முடியாது. தூரத்துக் கோட்டிலிருந்து தொடங்கி இறங்குகிற படத்தில், காலடி வருவதற்குள் சட்டம் வந்துவிடும்.

"அக்கா! ஏய்! கயிறு!"

அலை நிமிர்ந்தாள். கயிறு அவள் கையில் இல்லை. படகு இரண்டு ஆள் தூரம் போயிருந்தது, உள்ளே படகுக்காரி துடுப்பும் இல்லாமல் நின்றுகொண்டு வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அலை இடுப்பளவு தண்ணீரில் விழுந்தடித்துப் போய்ப் பிடித்து இழுத்தாள்.

"என்னைக் கடல்ல விட்டுட்டு நீ பாட்டுக்குக் காலைப் பார்த்துட்டு நிக்கிற! காலை இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லையா?"

"இல்லடி," என்றாள் அலை. "இந்தப் படகை இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே கட்டி வை."

"எதுக்கு?"

"நிழல் வேணும்."

படகுக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பிசின் நெடி தலைக்கு ஏறிடுச்சு," என்றாள். ஆனால் படகைக் கட்டினாள்.

பலகைக்கு இருபுறமும் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அலை தண்ணீருக்குள்ளேயே நின்று வரைந்தாள். தாளின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கினாள். முதலில் மணல். விசிறி பிரஷ் உதவவில்லை, பையிலேயே போட்டாள். கொட்டகையில் கிடந்த, பட்டி பூசுகிற உடைந்த தட்டைக் கரண்டியால் மணல் வரிகளை இழுத்தாள், அது பொருந்தியது. மணல் காய்ந்த பிறகு அதன் மேல் தண்ணீரை மெல்லிசாக ஏற்றினாள், ஒன்றின் மேல் ஒன்றாக. மேலே மேலே ஏறினாள். தாள் நனைந்து கிழிந்தது, வேறொன்று எடுத்தாள். காலில் சிப்பி கிழித்தது, துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கினாள். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் நிழலின் நிறம் மாறியது. அதற்குத் தனித் தாள். அவளுக்கு முன்னால் யாரும் எதையும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. முதல் தடவையாக அது பயமாகவும் இல்லை.

தாளின் மேல் விளிம்பு வந்தபோது இன்னும் தண்ணீர்தான் இருந்தது. வானத்தைப் பிரிக்கிற கோடு வரவேயில்லை.

"வானம் வரலேன்னு தப்பிச்சுக்கிட்ட பார்த்தியா," என்றாள் படகுக்காரி, கொட்டகை வாசலில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அலை யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "தப்பிக்கணும்னா மேலே கொஞ்சம் இடம் விட்டுட்டு ஊருக்குப் போயிருப்பேன். விடல."

படகுக்காரி மறுபடியும் படத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை அதைக் கீழே விரிக்கக் கேட்கவில்லை.

டாக்டர் அந்தத் தாளை மேஜையில் வைத்துப் பார்க்கவில்லை. கூடத்துக்கு எடுத்துப் போய்ச் சுவரில் ஒட்டச் சொன்னார். எதிரே போய் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அலை நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இது எங்க முடியுது?" என்று கேட்டார்.

"முடியல சார். சுவர் முடியற வரைக்கும் போகும்."

"என்னைக்கு ஆரம்பிக்கிறீங்க?"

தொடங்குகிற அன்று மேகமும் வந்தார். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, தன் பிரஷ்களைத் துணியில் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். நாடியைத் தடவினார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். அது அவர் வாயிலிருந்து எளிதில் வருகிற சொல் இல்லை. கொஞ்சம் கழித்து, "மேல் மூலையில மேகம் ஒண்ணே ஒண்ணு. சின்னது. யாருக்கும் தெரியாது," என்றார்.

"வேண்டாங்க."

"ஒரு பறவையாவது?"

"அது சில்லறை வேலை. அவரையும் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"கல்நெஞ்சக்காரி," என்றார் மேகம். முகம் வாடித்தான் இருந்தது. அலைக்கும் அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் வார்த்தையை மாற்றவில்லை. அவர் பிரஷ் சுருட்டை ஒரு நாற்காலியில் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வாளியை எடுத்துத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

அலை சுவரோரம் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மணலுக்கான நிறத்தைக் குழைத்தாள். எதிர் நாற்காலியில் கண்ணில் மருந்து விட்டுக்கொண்ட ஓர் அம்மா, முகத்தைச் சுருக்கிக்கொண்டு இவள் பக்கம் குனிந்தார்.

"யாரும்மா அது? கீழே என்ன பண்றே? எனக்கு ஒண்ணுமே தெரியல."

"கடல் போடறேம்மா," என்றாள் அலை, கரண்டியில் நிறத்தை அள்ளியபடி. "நாற்காலியைக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கோங்க. தண்ணி அங்க வரைக்கும் வரும்."